வயிற்று வலி என்று சொன்னோம்

ஜனவரி 18

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் இருமல் மருந்தின் பெயர் இருக்கிறது. வருஷா வருஷம் பால் கணக்கு எழுதத்தான் உதவும். இந்த வருஷம் நானே எழுதிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். பேச ஆள் இல்லாமல் இல்லை. மகள் வல்லி இருக்கிறாள். பக்கத்து ஊர் நர்ஸ் பிச்சம்மாள் இருக்கிறாள். லாரி எங்கேயாவது நிற்கும்போது போனில் என் வீட்டுக்காரர் இருக்கிறார். பேசத்தான் ஒன்றும் இல்லை.

பொங்கல் முடிந்து இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். கிராம செவிலியர்கள் எல்லாரும் வந்திருந்தோம். பள்ளிப் பிள்ளைகள் தற்கொலை செய்துகொள்வதைத் தடுக்க ஒரு திட்டமாம். அவரவர் பகுதிப் பள்ளிகளுக்குப் போய்ப் பேச வேண்டும், வீடுகளுக்கும் போக வேண்டும். டாக்டரம்மா பட்டியலை வாசித்துக்கொண்டே வந்து என் பெயரில் நின்றார். சின்ன வயசு, மனசில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும்.

“தவமணி சிஸ்டர், உங்களுக்கு வேண்டாம்னா வேற யாரையாவது…”

“ஏன் மேடம்? எனக்கென்ன?” என்றேன்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்காமல் ஆனார்கள்.

மகன் மதிக்கு வயிற்று வலி. போன ஆடி மாசம். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்வது?

இரவுக்கு வல்லிக்குத் தோசை. எனக்குப் பசியில்லை.

ஜனவரி 22

தூத்துக்குடியில் பயிற்சி. போண்டா சுமார், டீ நன்றாக இருந்தது. பயிற்சிகளில் நிச்சயமாகக் கிடைப்பவை இவைதான், அதனால் முதலில் எழுதுகிறேன்.

பேசியவர் லூர்துசாமி என்ற மனநல ஆலோசகர். ஒல்லியான மனிதர். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்றார்.

“சுத்தி வளைக்காதீங்க. ‘சாகணும்னு நினைக்கியா’ன்னு நேரா கேளுங்க. கேக்கறதால அந்த நெனப்பு புதுசா வந்துறாது. கேக்காம விட்டாத்தான் உள்ளேயே கெடக்கும்.”

இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கேட்டுப் பழகச் சொன்னார். பிச்சம்மாள் என்னிடம் கேட்க வேண்டும். “சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். என் முறை வந்ததும் அவள் கண்ணைப் பார்த்து, வார்த்தை மாறாமல் கேட்டேன். ஊசி போடுவது மாதிரிதான் இதுவும். தயங்கினால்தான் வலிக்கும். “இந்த சிஸ்டர் மாதிரி கேக்கணும்” என்று லூர்துசாமி சார் எல்லாருக்கும் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். எந்த அடையாளங்களைப் பார்த்து உஷாராக வேண்டும் என்று அதில் இருக்கிறது. சாப்பாடும் தூக்கமும் குறைவது. பிரியமான பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது. எங்கேயோ போகிறவர் போல எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைப்பது. நீண்ட நாள் கலக்கத்துக்குப் பிறகு திடீரென்று அமைதியாகிவிடுவது. பிள்ளைகளுக்கு விளக்கும்போது இவற்றை எளிமையாகச் சொல்ல வேண்டும்.

மதியம் அவர் சொன்னார், “ஏற்கெனவே ஒரு சாவு நடந்த வீட்டுக்கு முதல்ல போங்க. பெத்தவங்களுக்கும் கூடப்பிறந்தவங்களுக்கும் ஆபத்து அதிகம். ஆனா அந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? நம்ம பக்கத்துல யாரும் தற்கொலையில சாகறதே கிடையாதே. எல்லாரும் தீராத வயித்து வலியில தானே சாகறாங்க.”

அரங்கமே சிரித்தது. போலீஸ் ஸ்டேஷனிலும் பேப்பரிலும் வழக்கமாக எழுதுவதுதானே. பிச்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பாமல் இருக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது.

மதிக்கு வயிற்று வலிதான். என் அண்ணன் சொன்னான், ஸ்டேஷன் ரைட்டர் எழுதினார். நான் அப்போது பேசும் நிலையில் இல்லை.

ஜனவரி 23

வல்லிக்கு சிலிண்டர் பதிவு செய்யக் கற்றுக்கொடுத்தேன். பத்தாம் வகுப்பு வந்துவிட்ட பெண், இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 29

முதல் பள்ளி. தலைமையாசிரியர் எனக்கு முன்பே மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் போட்ட நிபந்தனை: அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது.

“பரீச்சை நேரம்மா. நீங்க பாட்டுக்கு எதையாவது சொல்லி, நல்லா இருக்கிற பையன் மண்டையில ஏத்தி விட்டுட்டுப் போயிருவீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நான்தான் பதில் சொல்லணும்.”

கேட்பதால் வராது சார் என்றேன். அவர் எனக்கு ஹார்லிக்ஸ் கொடுத்தார். அந்த வார்த்தை இல்லாமல் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். ‘மனச்சோர்வு’ என்றேன், ‘தவறான முடிவு’ என்றேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. தவறான முடிவு என்றால் காமர்ஸ் குரூப் எடுப்பதா என்று ஒரு பெண் கேட்டாள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று கடைசியில் சொன்னதற்கு, முகப்பருவுக்கு என்ன போடலாம் என்று கேட்டார்கள். சொன்னேன். அந்தப் பள்ளியில் என்னால் ஆன பிரயோஜனம் அதுதான்.

வருகிற வழியில் தையல்காரி கூப்பிட்டாள், என் ரவிக்கை தைத்துக் கிடக்கிறதாம். அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 3

பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். இலந்தைப்பட்டியில் கடைசித் தெரு. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவள். அவள் மகள் இறந்து சில வருஷம் ஆகிறது. வயிற்று வலி என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். ஊரில் வயிற்று வலியில் ஒரு சாவு என்றால் நான் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஆகவே அப்போது தொட்டி ஆபரேட்டரைக் கூப்பிட்டு மேல்நிலைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போட வைத்தேன். போடும்போது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போடாவிட்டால்தான் ஊர் பேசும். அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் செய்த மரியாதை அது.

போன ஆடியில் பிச்சம்மாள் எங்கள் தெருவுக்கு வந்து, யாரும் கேட்காமலே, எங்கள் தொட்டிக்கும் போட்டுவிட்டுப் போனாள். ஒரு வாரம் தெருவே மருந்து வாடை குடித்தது. அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

அட்டையைப் பார்த்து பேச்சியம்மாளிடம் கேட்டேன். சின்ன மகன் எப்படி இருக்கிறான், தூங்குகிறானா, உனக்கு அந்த நினைப்பு வருகிறதா என்று. நேராகத்தான் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொத வருசம் தெனமும் வந்துச்சு சிஸ்டர். இப்ப எப்பவாச்சும். யாரும் கேக்கல, நானும் சொல்லல” என்றாள். பிறகு, “நீங்க ராத்திரி சாப்புடுதீகளா?” என்று கேட்டாள்.

“நான் உன்னையப் பாக்க வந்திருக்கேன்” என்றேன்.

“நானும் உங்களத்தான் பாக்கேன்” என்றாள்.

காப்பி போடப் போனவளை வேண்டாம் என்று தடுத்துவிட்டுக் கிளம்பினேன். வாய் நீளம் அவளுக்கு.

பிப்ரவரி 10

அவர் வந்தார். நாக்பூரில் தீப்பெட்டி லோடு இறக்கிவிட்டு வந்த களைப்பு. சாப்பிட்டார், படுத்தார், எழுந்து கொல்லைக்குப் போனார். மதியின் சைக்கிள் அங்கே இல்லை.

“எங்க அது?”

“தபால்காரர் மகனுக்குக் குடுத்துட்டேன். துருப்பிடிச்சு நின்னா யாருக்கு லாபம்?”

வரும்போதெல்லாம் அதைத் துடைத்து, டயருக்குக் காற்றடித்து வைப்பார் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் மதியைப் பற்றிப் பேசியதில்லை. சாயங்காலம் அவரிடம் வீட்டுப் பத்திரம் எங்கே, பாஸ்புக் எங்கே, வல்லி சர்டிபிகேட் எந்தப் பையில் என்று காட்டினேன். “எதுக்கு இப்ப?” என்றார். ஆம்பளைக்கு வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

இருட்டும் முன்பே ஓசூர் லோடுக்குக் கிளம்பிவிட்டார்.

பிப்ரவரி 13

இன்று வல்லியின் பள்ளி. “எங்க ஸ்கூலுக்கு நீதான் வரணுமா? பிச்சம்மா அத்தை வரக் கூடாதா?” என்று காலையில் கேட்டாள். டூட்டி அப்படி என்றேன்.

இந்தப் பள்ளித் தலைமையாசிரியை புதிதாக வந்தவர். “உள்ளபடி சொல்லுங்க சிஸ்டர், நான் குறுக்க வர மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். வார்த்தையை விழுங்கவில்லை. அடையாளங்களைச் சொன்னேன். பரீட்சை, காதல், வீட்டுச் சண்டை என்று ஒரே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், பல பாரம் சேர்ந்துதான் ஆளை அமுக்கும், அந்த நேரம் கடந்துபோகும், கடக்க உதவி வேண்டும் என்றேன். 104, 14416 என்ற உதவி எண்களில் எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று போர்டில் எழுதிப் போட்டேன். எழுதிக்கொண்டார்கள்.

ஒரு பெண் எழுந்தாள். “சிஸ்டர், நாங்க கேட்டு, அவுக ‘ஆமா’ன்னு சொல்லிட்டா நாங்க என்ன செய்ய?”

நல்ல கேள்வி. பயிற்சியில்கூட யாரும் கேட்கவில்லை.

“பக்கத்துல உக்காரு. புத்தி சொல்லாத. தனியா விடாத. உடனே பெரியவங்க ஒருத்தரக் கூப்பிடு. யார்ட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினாலும் சொல்லிரு. அவுக கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. கோவிச்சுக்க ஆளு இருக்குல்ல?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போது இன்னொருத்தி, கெட்ட எண்ணத்தில் இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். “சிஸ்டர், வல்லியோட அண்ணனுக்கும் இப்படித்தானா?”

தலைமையாசிரியை எழுந்துவிட்டார். வல்லி ஜன்னலோரம் மூன்றாவது வரிசை. என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் என்னைப் பார்த்ததில்லை.

“இல்லம்மா. அவனுக்கு வயித்து வலி” என்றேன்.

வல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிப்ரவரி 14

வல்லி என்னோடு பேசவில்லை. வயதுக் கோளாறு.

பிப்ரவரி 21

தடுப்பூசி நாள். கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெண் சப்-சென்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஜெபராணி, வல்லி பள்ளியில் பிளஸ் டூ. தலைவலி மாத்திரை வேண்டும் என்றாள். கொடுத்தேன். போகவில்லை.

கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னேன். தூக்கம் எப்படி என்று கேட்டேன், பிறகு நேராகவே கேட்டேன். முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை, கை தானாக வேலை செய்தது. அவளை விட்டு நகரவில்லை. தாயை வரச் சொன்னேன். தாய் வந்ததும், “வயித்து வலின்னுதான் சிஸ்டர் ஒரு வாரமா லீவு சொல்லிருக்கோம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு மாப்பிள்ளை வருவானா?” என்று அழுதாள். மாப்பிள்ளை வருவதற்குப் பிள்ளை இருக்க வேண்டுமே என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அடுத்த பஸ்ஸிலேயே மூன்று பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மனநல டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் ஜெபராணியிடம் நிதானமாகப் பேசினார். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். பிழைத்துக்கொள்வாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எழுந்ததும், “உங்ககிட்ட எல்லாரும் சொல்லுதாக. நீங்க யார்ட்ட சொல்லுவீக?” என்று கேட்டாள்.

ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கு என்றேன்.

டாக்டரம்மா போனில் பாராட்டினார். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்றார். போனை வைத்த பிறகு சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஊரான் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. என் வீட்டுக்குள்ளே, என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை

(இதற்கு மேல் எழுதவில்லை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது.)

பிப்ரவரி 27

ராஜபாளையம் அக்காவிடம் பேசிவிட்டேன். பரீட்சை முடிந்ததும் வல்லி அவள் வீட்டில் தங்கிப் பிளஸ் ஒன் படிக்கட்டும். அங்கே நல்ல பள்ளி. அக்காவுக்குப் பெண் பிள்ளை இல்லை, தாங்குவாள். “நீ மட்டும் தனியா என்ன செய்வ?” என்று கேட்டாள். பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பீரோவைச் சுத்தம் செய்தேன். என் சேலைகளில் நல்லதை வல்லிக்கு ஒரு பக்கம், மற்றதை ஒரு பக்கம். பிச்சம்மாளின் டிபன் கேரியர் என்னிடம் வெகுநாளாகக் கிடந்தது, கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏடிஎம் கார்டின் ரகசிய நம்பரை வல்லியை மனப்பாடம் செய்ய வைத்தேன். என் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டேன். “எதுக்கும்மா?” என்றாள். உனக்கு நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 3

ஞாயிறு. கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். மனசு லேசாக இருக்கிறது. இத்தனை மாதத்தில் இப்படி இருந்ததே இல்லை. கடைக்குப் போகும்போது பேச்சியம்மாள் எதிரே வந்தாள், அவளைப் பார்த்துக்கூடச் சிரித்தேன். டிவியில் ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தேன். வல்லி தட்டில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு நான் லீவு சொல்லிவிட்டேன். வல்லிக்குத் திருப்புதல் தேர்வு, சமூக அறிவியல். சீருடை இஸ்திரி போட்டாயிற்று. இரண்டு நாளைக்கு மாவு இருக்கிறது. வேறு ஒன்றும் பாக்கியில்லை.

மார்ச் 6

திங்கட்கிழமை நடந்ததை இன்று எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது. மாத்திரை பழகும் வரை கொஞ்சம் நடுக்கம் இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

வல்லியை அனுப்பிவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்தினேன். திரும்பினால் பையோடு அடுப்படி வாசலில் நிற்கிறாள்.

“பஸ்ஸு போயிரும்ட்டி” என்றேன்.

“போகட்டும்.”

பையைக் கழற்றி வைத்தாள். இஸ்திரி போட்ட சீருடையோடு அப்படியே தரையில், வாசலை மறித்து உட்கார்ந்தாள். “எம்மா, இங்க வந்து உக்காரு” என்றாள். நான் உட்காரவில்லை.

“சாகணும்னு நினைக்கியாம்மா?”

கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். எனக்கு வந்த கோபம் மாதிரி என் ஆயுளில் வந்ததில்லை. “கிறுக்கு பிடிச்சிருக்கா? பரீச்சைக்குப் போகாம இருக்க இது ஒரு சாக்கா?” என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டேன். கையை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை.

“சிலிண்டர் போடச் சொல்லிக் குடுத்த. ஏடிஎம் சொல்லிக் குடுத்த. அண்ணன் சைக்கிளத் தூக்கிக் குடுத்துட்ட. சங்கிலிய எனக்குப் போட்ட. என்னயப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புத. அப்பவும் நான் பொறுத்துப் பாத்தேன். நேத்து நீ சிரிச்ச பாரு, அதுலதாம்மா எனக்குப் பயம் வந்துட்டு.”

“இல்லட்டி. ஒண்ணுமில்ல” என்றேன்.

“அண்ணன்கிட்ட நான் கேக்கல” என்றாள். “எனக்கு ஏதோ மாதிரி தோணுச்சு. கேட்டா கோவப்படுவான்னு விட்டுட்டேன். உன்கிட்ட கேக்கேன். நீ கோவப்படு. அடி. நான் இங்கயிருந்து எந்திரிக்க மாட்டேன்.”

ஆடி மாசத்திலிருந்து இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு என் பிள்ளை என் கண் முன்னாலேயே பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். நான் ஊரெல்லாம் போய்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா” என்றேன்.

சொன்ன பிறகு அவள் எதிரே உட்கார்ந்துவிட்டேன். அவள் நகர்ந்து வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்கவில்லை, என்னை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்கவில்லை. அவள் அப்படிக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பிச்சம்மாளின் வண்டிச் சத்தம் கேட்டது. வல்லி விடிந்ததுமே அவளுக்குப் போன் செய்திருக்கிறாள். அப்பாவுக்கும் சொல்லியிருக்கிறாள். மறுபடி ஓசூர் போயிருந்த அவர் லோடை அப்படியே போட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

“யாரக் கேட்டுச் சொன்ன?” என்று அப்போதும் அதட்டினேன்.

“கோவிச்சுக்கோ” என்றாள்.

பிச்சம்மாள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நான் பவுடரப் போட்டுட்டுப் போயிட்டேன் தவமணி. உள்ள வந்து ஒரு வார்த்தை கேக்கலயே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நர்ஸாக மாறினாள். வீட்டில் இருக்கக் கூடாதவை என்னென்ன என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய் எங்கேயோ பூட்டி வைத்துவிட்டாள். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை.

மூன்று பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மனநலப் பிரிவில் சீட்டு எழுதுகிற நர்ஸ் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். “வாங்க சிஸ்டர். இன்னைக்கு யாரக் கூட்டிட்டு வந்திருக்கீக?” என்றாள்.

“நான்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். எங்கம்மாவ” என்றாள் வல்லி.

டாக்டர் ரொம்ப நேரம் பேசினார். இது ஒரு நாளில் சரியாகிற காரியம் இல்லை, வாரா வாரம் வர வேண்டும், கொஞ்ச நாளைக்குத் தனியாக இருக்கக் கூடாது என்றார். இதையெல்லாம் நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்போது ஒவ்வொன்றும் புதிதாக இருந்தது. சரியாகிவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதுகூட அந்த நினைப்பு போய்விட்டது என்று சொல்ல முடியாது. வந்தால் உடனே சொல்வேன் என்று வல்லியிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மருந்து வாங்கப் பிச்சம்மாள் வரிசையில் நின்றாள். எங்களைச் சாப்பிடப் போகச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஹோட்டலில் இலை போட்டு உட்கார்ந்தோம். நல்ல கூட்டம். வல்லி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

“எம்மா, இனிமே யாராச்சும் அண்ணனப் பத்திக் கேட்டா என்ன சொல்ல?”

“உள்ளதச் சொல்லு.”

“எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியல. நம்ம வீட்டுல யாரும் சொன்னதே இல்லயே. நீ ஒருக்கா சொல்லும்மா.”

தண்ணீரைக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

“எம் மகன் மதிவாணன் தற்கொலை பண்ணிக்கிட்டான்.”

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். வீடு வீடாகப் பேசிப் பழகிய குரல், உரக்க வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். சர்வர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார்.

வல்லி அழ ஆரம்பித்தாள். ஆடியில் அவள் அழவில்லை. ரொம்ப அழுதால் ஊருக்குச் சந்தேகம் வரும் என்று அவள் மாமன் சொல்லி வைத்திருந்தான், நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். பிள்ளை அன்று அடக்கியதை எல்லாம் அந்த ஹோட்டலில் வைத்து அழுதாள். அண்ணா அண்ணா என்று சத்தமாக அழுதாள். நான் எழுந்து அவள் பக்கம் போய் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண்ணீர் வந்தது. யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை, அவளை அடங்கு என்றும் சொல்லவில்லை.

ஒருவரும் எங்களை எழுப்பவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது. சர்வர் அந்த இலைகளை எடுத்துவிட்டு, கேட்காமலே புது இலை போட்டுச் சூடான சோறு வைத்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.